மங்கம்மாள் வேண்டாமென்ற பரியம்

கொத்தடிமை ஒழிந்தது என்று சட்டம் வந்து சில வருடங்கள் கழித்து நான் ஜவ்வாது மலைக்குப் போனேன். அடிமை முறையின் வரலாறு என் ஆராய்ச்சி. ‘ஒழிந்த பின் எஞ்சியது என்ன’ என்பது கடைசி அத்தியாயம். மெட்ராஸில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து வைத்த தலைப்பு அது. நினைத்தால் இப்போதும் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

காவலூருக்கு அப்பால் ஒரு சிற்றூரில் மாதையன் இருந்தார். மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்குப் பணமும் தானியமும் புடவையும் கொடுக்க வேண்டும். அதற்குப் பரியம் என்று பெயர். மங்கம்மாளைக் கட்டிக்கொள்ள அது இல்லாமல், ஒடுகத்தூர்ப் பக்கம் ஒரு நிலக்காரரிடம் கடன் வாங்கி, ஈடாகத் தன்னையே வைத்தவர் அவர். திருவிழாவுக்கு மட்டும் வீட்டுக்கு அனுப்புவார்கள். அப்படித்தான் மகள் செந்தாமரை பிறந்தாள். அதிகாரிகள் அவரை ஜீப்பில் ஏற்றிவந்து விட்டபோது தலை நரைத்திருந்தது.

என்ன கேட்டாலும் எனக்கு ஒரே பதில்தான். “நல்லாத்தான் வச்சிருந்தாங்க சார்.” பெற்ற மகளையே ‘வாங்க, போங்க’ என்பார். சொந்த வீட்டுப் பானையில் தண்ணீர் மொள்ளும் முன் மனைவியைப் பார்த்து, “குடிச்சிக்கட்டுங்களா?” என்று கேட்பார். வேடிக்கை பேசுகிறார் என்று முதலில் நினைத்தேன். மங்கம்மாளின் முகத்தைப் பார்த்ததும் புரிந்தது.

“என்னெ வாங்கறதுக்கு அவரு தன்னெ வித்தாரு சார். எம் பொண்ணுக்கு ஒத்த காசு பரியம் வாங்க மாட்டேன்” என்றாள்.

பக்கத்து ஊர்ச் சின்னராசு பெண் கேட்டு வந்தபோது, ஊரார் முன்னிலையிலும் அதையே சொன்னாள். அங்கே பரியமில்லாமல் போகிறவள் என்றால் ஏதோ குறையுள்ளவள் என்று அர்த்தம். ஊர்ப் பெரியவர் கோபால்சாமி, “சும்மா குடுக்கறதுக்கு பொண்ணுக்கு இன்னாம்மா கொறச்சல்?” என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்டார். சின்னராசுவின் முகம் சுண்டிப்போயிற்று.

செந்தாமரை வீட்டுக்குள் போய் அழுதாள். “உனக்கு அப்பா அம்மாம் துட்டு குடுத்தாரே. நான் மட்டும் சும்மாவா போவணும்?”

“அந்தத் துட்டு இன்னா பண்ணுச்சுன்னு உங்கப்பனப் பாரு” என்றாள் தாய்.

மகள் திரும்பிப் பார்த்தாள். மாதையன் சட்டென்று எழுந்து நின்றார்.

எனக்கு மங்கம்மாளைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. என் கடைசி அத்தியாயத்துக்கு நல்ல முடிவு கிடைத்துவிட்டதென்று பெருமைப்பட்டுக்கொண்டேன். மடத்தனம்.

கல்யாணத்தன்று சின்னராசுவின் ஆட்கள் தாம்பாளம் ஏந்தி வந்தார்கள். பட்டுப்புடவை, ரூபாய்க் கட்டு, பின்னால் சாமை மூட்டைகள். அந்த ஊர் அப்படி ஒரு பரியத்தைப் பார்த்ததில்லை. செந்தாமரையின் முகம் மலர்ந்தது.

“ஏது தம்பி இவ்ளோ துட்டு?” என்றாள் மங்கம்மாள்.

“எம் பொண்டாட்டிய சும்மா வந்தவன்னு யாரும் சொல்லக் கூடாது அத்தே.” சின்னராசு தலையைக் குனிந்துகொண்டான். “கடன் வாங்கிட்டேன். தை முடிஞ்சதும் கீழ ஒடுகத்தூர்ப் பக்கம் போய்டணும். மாமா இருந்த எடந்தான்.”

நான் பொறுக்கமாட்டாமல் குறுக்கே புகுந்தேன். “அப்படி ஆள் வைக்கக் கூடாதுப்பா. சட்டம் இருக்கு.”

“தெரியும் சார். அதான் எதுவும் எழுதல. எல்லாம் வாய்ப்பேச்சுதான்.”

மங்கம்மாள் அப்படியே மண்ணில் உட்கார்ந்து வாயில் அடித்துக்கொண்டாள். “பரியமா ரெண்டு ஆடு கேட்டிருந்தா அவங்க வூட்லயே இருந்திருக்குமே. வேணான்னு சொல்லி நானே அனுப்பி வச்சிட்டேனே.” மேளம் நின்றது. செந்தாமரை புடவையிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

மாதையன் மட்டும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மாப்பிள்ளையிடம் வந்தார். கையைக் கட்டிக்கொண்டு நின்றார். இத்தனை நாளும் நான் கேட்டுக் கேட்டு அலுத்ததை அவனிடம் தானாகவே சொன்னார்.

“மாட்டுக் கொட்டாயில மேக்கு மூலையில படுங்க மாப்ள. அங்க ஒழுவாது. ஒடம்பு முடியலன்னா வெளிய சொல்லாதீங்க, அன்னிக்கு கூழு ஊத்த மாட்டாங்க. மொத வருசந்தான் கஷ்டமா இருக்கும். அப்புறம் வூட்டு நெனப்பே வராதுங்க.”