பன்னிரண்டு பகுதிகளுக்கும் ஒரே குரல்

அந்தக் கேளிக்கை வளாகத்தில் மூன்று தளங்கள், பன்னிரண்டு பகுதிகள். கீழே பந்து உருட்டும் கூடமும் குழந்தைகள் விளையாடும் இடமும். நடுவில் சாப்பாட்டுக் கூடம், வீடியோ கேம் மெஷின்கள், விருந்து வைக்கச் சின்னச் சின்ன அறைகள். மேலே நடனக் கூடம், திறந்த மாடி. ஒவ்வொன்றிலும் வேறு பாட்டு வேறு அளவில் ஓட வேண்டும். ஒன்றின் சத்தம் இன்னொன்றில் போய் விழக் கூடாது. இதற்கான ஒலியமைப்பை வரைந்து, மாட்டி, ஓட வைத்துக் கொடுப்பது ஒலிப் பொறியாளரின் பொறுப்பு. நாற்பதைத் தாண்டியவள். சொந்தமாக ஒரு சின்ன நிறுவனம் நடத்தி வந்தாள்.

மாட்டும் வேலையைப் பார்த்த வயரிங் மேஸ்திரி எதைக் கேட்டாலும் "முடிச்சிரலாம்" என்பார். அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது. நடனக் கூடத்துப் பாட்டின் பேஸ் அதிர்வு கான்கிரீட் வழியாக இறங்கி, நேர் கீழே இருந்த விருந்து அறையின் விளக்கு மூடிகளைக் கடகடக்க வைத்தபோதும் முடிச்சிரலாம் அதைத்தான் சொன்னார். தரையில் இருந்த பெரிய ஸ்பீக்கர் பெட்டிகளை எடுத்து ரப்பர் தாங்கிகளில் தொங்கவிட்டு, அவற்றின் முகத்தைத் திறந்த மாடிப் பக்கம் திருப்பினார்கள். கடகடப்பு நின்றது.

நிற்காத தலைவலி ஒன்றுதான். அவசர அறிவிப்பு.

தீ, புகை என்று ஏதாவது நேர்ந்தால் எல்லாப் பகுதியிலும் பாட்டு தானாக நின்று, பதிவு செய்த குரல் ஒன்று மக்களை வெளியே போகச் சொல்ல வேண்டும். தீயணைப்புத் துறை அதிகாரி வந்து கேட்டுப் பார்த்துச் சரி என்றால்தான் கதவைத் திறக்கலாம். உரிமையாளர் வானொலியில் பேசும் ஒரு பெண்ணை வரவழைத்துப் பதிவு செய்து வைத்திருந்தார். தேன் மாதிரி குரல். பொறியாளரின் அறையில் கேட்டபோது குறை சொல்ல ஒன்றுமில்லை.

கூடத்தில் கேட்டபோது கதை வேறாக இருந்தது. பாட்டு நின்றாலும் பந்து உருளுவது நிற்காது, கட்டைகள் சரிவது நிற்காது, கேம் மெஷின்களின் கூச்சலும் ஜனங்களின் பேச்சும் நிற்காது. ஊழியர்களைப் பகுதிக்கு நாலு பேராக நிறுத்தி, எல்லாவற்றையும் ஓடவிட்டு, அறிவிப்பைப் போட்டாள். பிறகு ஒவ்வொருவராக, என்ன கேட்டது என்று விசாரித்தாள்.

"‘அன்பான விருந்தினர்களே’ வரைக்கும் கேட்டுச்சு மேடம்" என்றார் ஒருவர்.

பந்துக் கூடத்தில் நின்ற சமையல்காரர், "அமைதியா விளையாடவும்னு சொன்னாங்க" என்றார்.

"அமைதியா வெளியேறவும்" என்று அவள் திருத்தினாள்.

"அப்படியா? நான் இன்னொரு பந்து உருட்டலாம்னு இருந்தேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சத்தத்தைக் கூட்டிப் பார்த்தாள். குரல் சுவர்களில் மோதித் தன் மேலேயே வந்து விழுந்து இன்னும் குழம்பியது. ஸ்பீக்கர்களை நெருக்கமாக வைத்து ஒவ்வொன்றின் அளவையும் குறைத்தாள். கொஞ்சம் தெளிந்தது, போதவில்லை. வாக்கியத்தைப் பாதியாக வெட்டி மேலாளரைப் பேச வைத்தாள். அதுவும் தேறவில்லை.

வீட்டிலும் நிலைமை சரியில்லை. கணவரின் அக்கா அவர்களோடு வந்து தங்கியிருந்தாள். ஆயுசு முழுக்க நூல் மில்லில் வேலை பார்த்தவள். மில்லை மூடிவிட்டார்கள். தனியாக இருக்க வேண்டாம் என்று தம்பி கூட்டி வந்துவிட்டார். தங்கமான மனுஷி, ஆனால் குரல்! சமையலறையில் நின்று "பால் பொங்குது" என்றால் பக்கத்து வீட்டுக்காரி ஓடிப்போய்த் தன் அடுப்பைப் பார்ப்பாள். ஒரு நாள் பொறியாளர் உரிமையாளரோடு போனில் பேசிக்கொண்டிருந்தபோது நாத்தனார் பின்னால் வந்து, துணியை எடுக்கட்டுமா என்று கேட்டாள். இவள் போனைக் கையால் பொத்திக்கொண்டு, "அண்ணி, நான் பக்கத்துலதான இருக்கேன்? ஊருக்கே சொல்லணுமா?" என்று சிடுசிடுத்தாள்.

அன்றிலிருந்து நாத்தனார் பேசுவதையே குறைத்துக்கொண்டாள். கேட்டதற்குத் தலையாட்டினாள். தட்டை மேஜையில் வைத்துவிட்டு, சாப்பாடு தயார் என்பதைக் கண்ணால் காட்டினாள். "அக்காவுக்கு உடம்பு ஏதும் சரியில்லையா?" என்று கணவர் கேட்டபோது பொறியாளர், "நல்லாத்தான் இருக்காங்க" என்று பேச்சை மாற்றினாள். மன்னிப்புக் கேட்க நினைத்தாள். வேலை மேல் வேலை, தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது.

அதிகாரி வர ஒரு வாரம்கூட இல்லாத நேரம். ஒரு மத்தியானம் அவள் வீடு திரும்பியபோது வாசலில் ரோட்டை உடைத்துக்கொண்டிருந்தார்கள். மெஷின் காதைக் கிழித்தது. அந்த இரைச்சலுக்கு மேலே, இரண்டாம் மாடி பால்கனியிலிருந்து வந்தது குரல்.

"படி ஈரமா இருக்கு! கைப்பிடிய பிடிச்சு வா!"

ஒரு எழுத்துகூடச் சிதறவில்லை. கத்தலும் இல்லை அது. ஒவ்வொரு சொல்லும் நீண்டு, தனித்தனியாக நின்று, இடைவெளி விட்டு வந்தது. பொறியாளர் ரோட்டோரத்தில் அப்படியே நின்றுவிட்டாள். பிறகு படியேறினாள், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே.

"அண்ணி, எனக்கு ஒரு உதவி வேணும். உங்க குரல் வேணும்."

நாத்தனார் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "கிண்டலா?"

"சத்தியமா இல்ல. அன்னைக்கு நான் பேசினது தப்பு அண்ணி. அதுக்காகச் சமாதானம் பண்றேன்னு நினைக்காதீங்க. நிஜமாவே வேற ஆள் கிடைக்கல."

"வேற ஆள் கிடைக்கலன்னா நான். நல்லா இருக்கு" என்றாள் நாத்தனார். ஆனாலும் மறுநாள் நல்ல புடவை கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

பதிவு அறையில் எதிர்பாராதது நடந்தது. சுவரெல்லாம் பஞ்சு, தரையெல்லாம் கம்பளம். மூச்சு விடுவதுகூடக் கேட்கும் அமைதி. மைக் முன்னால் நாத்தனார் வாயைத் திறந்தாள். கோயில் பிராகாரத்தில் பேசுகிறவள் மாதிரி கிசுகிசுப்பாக வந்தது.

"அண்ணி, வழக்கமா பேசுற மாதிரி பேசுங்க."

"எப்படிப் பேசுறது? இவ்வளவு அமைதியில பேசினா நீ திட்டுவ."

அவள் குத்திக்காட்டவில்லை, உள்ளதைத்தான் சொன்னாள். பொறியாளருக்குச் சுருக்கென்றது. மறுபடி மறுபடி முயன்றார்கள். ஒவ்வொரு முறையும் குரல் இன்னும் சுருங்கியது. முடிச்சிரலாம் மட்டும் கதவோரம் நின்று வழக்கமானதைச் சொன்னார். யாரும் அவரைப் பார்க்கவில்லை.

பொறியாளர் மடிக்கணினியில் தேடி, நூற்பு மெஷின்கள் ஓடும் சத்தம் ஒன்றை எடுத்தாள். அதை ஹெட்போனில் ஏற்றி நாத்தனாரின் காதில் மாட்டினாள். அந்தச் சத்தம் அவளுக்கு மட்டும்தான் கேட்கும், மைக்குக்குப் போகாது. பிறகு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய் நின்று கையைத் தூக்கினாள்.

நாத்தனாரின் தோள்கள் இறங்கின. தலை நிமிர்ந்தது. கண்ணாடிக்கு அப்பால் நிற்பவளை, நாலு மெஷின் தள்ளி நிற்கும் ஒருத்தியைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"வேலைய நிறுத்துங்க!" என்று ஆரம்பித்துவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு காகிதத்தில் இருந்ததைச் சொன்னாள். "விளையாட்டை நிறுத்துங்கள். பச்சை விளக்குள்ள கதவு வழியாக வெளியே போங்கள். ஓடாதீர்கள்."

அளவு காட்டும் முள் துள்ளியது. ஒரே தடவையில் முடிந்தது. சொல்லி முடித்த பிறகும் நாத்தனார் ஹெட்போனைக் கழற்றவில்லை. பொறியாளர் உள்ளே போய் அருகில் உட்கார்ந்தாள். அதன் பிறகுதான் நாத்தனார் அதைக் கழற்றினாள்.

"மெஷின் நின்ன அன்னைக்குத்தாம்மா தெரிஞ்சது, நான் இவ்வளவு சத்தமா பேசுறேன்னு" என்றாள். "அங்க யாருமே சொன்னதில்ல. எல்லாரும் அப்படித்தான பேசினோம்."

பொறியாளர் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

உரிமையாளர் கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்தார். "என்ன மேடம், திட்டுற மாதிரி இருக்கு? வர்றவங்க பயந்துட மாட்டாங்களா?"

"கூடத்துல நின்னு கேளுங்க சார்."

எல்லாவற்றையும் ஓடவிட்டு, அவரைப் பந்துக் கூடத்தின் நடுவில் நிறுத்தினாள். அறிவிப்பு வந்தது. ஊழியர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் அப்படியே திருப்பிச் சொன்னார்கள். சமையல்காரர் கையிலிருந்த பந்தைக் கீழே வைத்துவிட்டுக் கதவைப் பார்த்து நடக்கவே தொடங்கிவிட்டார். உரிமையாளர் தாடையைத் தடவினார். "சரி, இருக்கட்டும். ‘தயவுசெய்து’ன்னு ஒண்ணு சேர்க்கலாமா?"

"வேண்டாம் சார்."

அதிகாரி வந்த அன்று காலை நாத்தனாரும் அவள் தம்பியும்கூட வந்திருந்தார்கள். அதிகாரி ஒவ்வொரு தளமாக ஏறி இறங்கினார். அளவுக் கருவியைப் பிடித்துப் பார்த்தார். மூலைகளில் நின்று கேட்டார். கடைசியாக முன்னறிவிப்பு இல்லாமல் பொத்தானை அழுத்தினார். பாட்டுகள் சட்டென்று நின்றன. பன்னிரண்டு பகுதிகளிலும் அந்தக் குரல் எழுந்தது.

நடைபாதையில் கழிவறைக் கதவு படாரென்று திறந்தது. நாத்தனார் ஈரக் கையோடு, முந்தானையை இழுத்துச் செருகியபடி விறுவிறுவென்று வந்து பச்சை விளக்குக் கதவைத் தள்ளப் போனாள்.

"அக்கா, எங்க போற?" என்று தம்பி தடுத்தார்.

"எவளோ அதட்டினாளே, கேக்கல? போடா வெளிய!"

பொறியாளர் சிரிப்பை அடக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணி, அது நீங்கதான்."

நாத்தனார் நம்பவில்லை. கூரையில் இருந்த ஸ்பீக்கரை அண்ணாந்து பார்த்தாள். அதிகாரி கையெழுத்துப் போடுமுன் இன்னொரு முறை போடச் சொன்னார். இந்த முறை அவள் அசையாமல் நின்று முழுவதையும் கேட்டாள்.

"நானா இது? பரவால்லையே" என்றாள். தூரத்தில் நின்றவர்களுக்கும் அது நன்றாகவே கேட்டது.