பெரிய சிஸ்டரின் இரண்டு தேதிகள்

ஆஸ்பத்திரி மேலாளர் அறையில் ஏசி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் பெரிய சிஸ்டருக்கு முதுகெல்லாம் வியர்த்து வழிந்தது. அவளுடைய போன் மேலாளரின் கையில் இருந்தது. பணியாளர் எண்ணைப் போட்டுப் பார்த்தார், வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்தார், ஒன்றிலிருந்து ஆறு வரை வரிசையாகவும் போட்டுப் பார்த்தார். போன் அசைந்து கொடுக்கவில்லை.

"நீங்களே திறந்து குடுத்துட்டா மரியாதையாப் போயிடும், சிஸ்டர்."

"நம்பர் மறந்துபோச்சு சார்."

"நேத்து வார்டுல போன்ல பேசினப்ப மறக்கலையாக்கும்."

அந்தப் போனுக்குள் ஃபார்மசிப் பெண் அனுப்பிய ஒன்பது படங்கள் இருந்தன. கூடவே அவளுடைய குரலில் ஒரு செய்தி. காலாவதியான ஊசி மருந்துக் குப்பிகளுக்குக் கிடங்கில் உட்கார்ந்து புதுத் தேதி ஒட்டுகிறார்கள் என்று சொல்லி அழுதிருந்தாள். பெரிய சிஸ்டர்தான் படங்களைப் பத்திரிகைக்கு அனுப்பி வைத்தாள். நேற்று செய்தி வந்துவிட்டது. நிர்வாகம் உடனே விழித்துக்கொண்டு தேட ஆரம்பித்தது. ஒட்டியவனை அல்ல, படம் பிடித்தவரை.

அந்தப் பெண்ணின் பெயர் வெளியே வந்தால் வேலை போவதோடு நிற்காது. மருந்து திருடினாள் என்று வழக்குப் போட்டு உள்ளே தள்ளவும் இவர்களுக்கு மனசு வரும். அவளுக்கு நான்கு மாதக் கைக்குழந்தை வேறு. காலையில் வந்ததும் எல்லாவற்றையும் அழித்துவிட வேண்டும் என்றுதான் பெரிய சிஸ்டர் நினைத்திருந்தாள். வார்டில் ஒருவருக்கு மூச்சுத் திணற, ஓடியவளுக்குப் போன் நினைவே இல்லை. அவர் மூச்சு சீரான நேரத்தில் இவளைக் கூப்பிட ஆள் வந்துவிட்டது.

போன் மட்டும் சாதாரணப் போனாக இருந்திருந்தால் இந்நேரம் கதை முடிந்திருக்கும். அவள் தம்பி போன் பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவன். கம்பெனிக்காரன் போட்டுக் கொடுத்த இயங்குதளத்தைச் சுத்தமாக வழித்துவிட்டு, உள்ளே இருப்பதை யாருக்கும் ஒப்புவிக்காத வேறொரு இயங்குதளத்தை ஏற்றிக் கொடுப்பதில் அவன் கெட்டிக்காரன். கைரேகையை அவனே அணைத்துவிட்டான். "கையப் புடிச்சு அமுக்கினாப் போதும்கா, தொறந்துக்கும். நம்பர்தான் நல்லது" என்றான்.

அந்த நம்பரும் ஒன்றல்ல, இரண்டு. ஒன்று போனைத் திறக்கும். இன்னொன்று, ஒரு வார்த்தை கேட்காமல், உள்ளே இருக்கிற அத்தனையையும் துடைத்துப் போட்டுவிடும்.

அவன் கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் வீட்டு மனுஷர்களுக்குப் பயந்து வருகிறவர்கள். புருஷன் வேவு பார்க்கிறான், அண்ணன் நோண்டுகிறான் என்று வருவார்கள். அதனால் அவனுக்கு ஒரு வழக்கம். வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த பிறந்த தேதியைத் துடைக்கும் எண்ணாக வைப்பான். திருட்டுத்தனமாகத் திறக்க வருகிறவன் முதலில் தட்டுவது அதைத்தான். திறக்கிற எண்ணாக வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாததைக் கேட்பான்.

"அப்படி ஒண்ணு எங்கிட்ட இருக்கே" என்று அக்கா சொன்னாள். அது அவளுடைய சான்றிதழ்த் தேதி. பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது அப்பா இரண்டு வயதுக்கு மேல் குறைத்து, வாயில் வந்த தேதியைச் சொல்லிவிட்டார். தம்பிக்கே அது தெரியாது. இருவரும் தங்கள் சாமர்த்தியத்தை மெச்சிக்கொண்டு டீ குடித்தார்கள். வீட்டில் யாருக்கும் தெரியாத அந்தத் தேதி, ஆஸ்பத்திரியில் அவளுடைய பணிக் கோப்பின் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருப்பது இரண்டு புத்திசாலிகளுக்கும் உறைக்கவில்லை.

இப்போது உறைத்தது. அலுவலகப் பெண் அந்தக் கோப்பைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

தப்பும் தவறுமாகப் போட்டதில் போன் முப்பது விநாடி காத்திருக்கச் சொல்லியிருந்தது. மேலாளர் கோப்பைப் பிரித்தார். கண்ணாடியை மூக்கின்மேல் ஏற்றிக்கொண்டார்.

"பிறந்த தேதி... ஜூன் பத்து. இத முதல்லயே பாத்திருக்கணும்."

ஓடிப் பிடுங்கலாமா? கதவருகே காவல்காரர் நின்றார். மயங்கி விழுந்தால் மேலாளர் தண்ணீர் தெளித்துவிட்டு எண்ணைத் தட்டப் போகிறார், அவ்வளவுதான். இவரை வேறொரு எண்ணுக்குத் திருப்ப ஒரே வழிதான் இருந்தது. அதைச் சொன்னால் முப்பத்துநாலு வருஷ வேலை இன்றோடு சரி.

முப்பது விநாடி முடிந்தது. மேலாளர் ஒன்றைத் தட்டினார், சுழியத்தைத் தட்டினார். மறுபடி சுழியம். ஆறு. இன்னும் இரண்டே இலக்கம்.

"சார், அந்தத் தேதி பொய்."

விரல் நின்றது.

"என்னது?"

"ஸ்கூல்ல சேக்கிறப்ப எங்கப்பா வயசக் குறைச்சுச் சொல்லிட்டாரு. உங்க ஊசி மருந்து மேல தேதி ஒட்டின மாதிரிதான். நான் நெஜமாப் பொறந்தது நவம்பர் இருபத்தேழு. இதவிட ரெண்டரை வருஷம் முந்தி."

மேலாளர் கண்ணாடியைக் கழற்றினார். மனசுக்குள் கூட்டிப் பார்த்தார். முகம் மெல்ல மலர்ந்தது.

"அப்படின்னா போன வருஷமே நீங்க ரிட்டயர் ஆகியிருக்கணுமே, சிஸ்டர்."

"ஆமா சார்."

"இத்தனை வருஷமா ஏமாத்தியிருக்கீங்க. எழுதித் தருவீங்களா?"

"தர்றேன்."

தனக்கே குழி வெட்டிக்கொள்ளும் பொய்யை யாரும் சொல்ல மாட்டார்கள் என்பது மேலாளரின் கணக்கு. அதில் தப்பில்லை; அவள் சொன்னது பொய்யும் இல்லை. வெள்ளைத் தாளை அவள் பக்கம் தள்ளினார். அவள் எழுதினாள். படித்துப் பார்த்துவிட்டு அவர் போனை எடுத்தார்.

"நெஜப் பொறந்த நாளத்தானே போன்ல வச்சிருப்பீங்க? என்ன பெரிய சிதம்பர ரகசியம்." போட்டிருந்த நான்கு இலக்கத்தையும் அழித்தார். இரண்டு, ஏழு, ஒன்று, ஒன்று. வருஷத்தின் இரண்டு இலக்கத்தையும் ஆசையாகத் தட்டினார்.

திரை கறுத்தது.

மேலாளர் பக்கத்துப் பொத்தானை அமுக்கினார். திருப்பிப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து வெளிச்சம் வந்தது. எந்த மொழி வேண்டும் என்று, கடையிலிருந்து இப்போதுதான் வாங்கிவந்த போன்போல, பணிவாகக் கேட்டது.

"என்ன பண்ணித் தொலைச்சீங்க?" அவர் குரல் கீச்சென்று வந்தது.

"நான் தொடவே இல்லையே சார். தட்டினது நீங்கதான்."

அவர் காவல்காரரைக் கூப்பிட்டார், கம்ப்யூட்டர் ஆளைக் கூப்பிட்டார், கடைசியில் இவளை வெளியே போகச் சொன்னார். அரைமணி நேரத்தில் அலமாரியைக் காலிசெய்ய வேண்டும், சாவியை ஒப்படைக்க வேண்டும், இனி இந்த வாசல்படி ஏறக் கூடாது. நாளை காலை ஆறு மணிக்கு எழுந்து எங்கே போவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

நடைபாதையின் வளைவில், மருந்துத் தட்டைக் கையில் ஏந்தியபடி ஃபார்மசிப் பெண் நின்றுகொண்டிருந்தாள். முகத்தில் ஈயாடவில்லை. தட்டில் குப்பிகள் ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் எழுப்பின. பெரிய சிஸ்டர் அவள் கையை அழுத்திப் பிடித்துச் சத்தத்தை நிறுத்தினாள்.

"உள்ள என்ன சிஸ்டர் கேட்டாங்க?"

"என் வயசக் கேட்டாங்கடி. சொல்லிட்டேன்."