அசையாத முள்

டில்லி மாயாபுரியில் என் ஒர்க்‌ஷாப்புக்கு எத்தனையோ வண்டிகள் வருகின்றன. அந்தச் சிவப்பு வண்டிக்கு மட்டும் நான் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் பானெட்டைத் திறப்பேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். எட்டு சிலிண்டர் என்ஜின், அதன் தலையில் காற்றை அமுக்கி உள்ளே திணிக்கும் சூப்பர்சார்ஜர். ஸ்டார்ட் செய்தால் அது தரை வழியாக உள்ளங்காலில் ஏறும்.

அந்த வண்டி சீக்கில் விழுந்தது. நிற்கும்போது ஒரு குறையும் இல்லை. சாலையில் ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தால் பெட்ரோல் போதாமல் திணறியது. அப்படியே ஓட்டினால் பிஸ்டன் உருகிவிடும். பதினைந்து நாளைக்கு முன்னால்தான் புது பெட்ரோல் பம்ப் போட்டு அனுப்பியிருந்தோம். போட்டவன் ஸ்ரீதர். என்னைப் போலவே விருதுநகர்க்காரன், பதினோரு வருஷமாக என்னிடம் வேலை பார்க்கிறவன்.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். பக்கத்தில் துவாரகாவில் இருக்கும் வண்டிச் சொந்தக்காரர் ராஜகோபாலுக்குப் போன் போட்டு, ஸ்ரீதரின் காதுபடவே, "பம்ப் போட்டவன் சரியில்ல சார்" என்றேன். போனை வைத்துவிட்டு அவனிடம், "திங்கக்கிழமையிலருந்து வராத" என்றேன். அவனுக்குப் பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண்கள் இருப்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் சொன்னேன். அவன் பம்பைக் கழற்றி மறுபடியும் மாட்டினான். திணறல் போகவில்லை.

சனிக்கிழமை காலை சிந்து வந்தாள். கம்ப்யூட்டர் வைத்து என்ஜினைச் சரிசெய்கிறவள், குர்கானில் வேலை. ராஜகோபால் அனுப்பியிருந்தார். டில்லியிலேயே பிறந்த பெண், பாதித் தமிழ் பாதி இந்தி. லேப்டாப்பைத் திறப்பாள் என்று பார்த்தால், பெட்ரோல் குழாயில் அழுத்தம் காட்டும் ஒரு மீட்டரை மாட்டினாள். முள் மூன்றில் போய் நின்றது.

"பாத்தியாம்மா, செலை மாதிரி நிக்குது. நிக்கும்போது ஒழுங்காத்தான் இருக்கும். ரோட்டுல போனாத்தான் இவன் வேலை பார்த்த லட்சணம் தெரியும்" என்றேன்.

அவள் ஆக்சிலேட்டரை விட்டு விட்டு மிதித்தாள். என்ஜின் கர்ஜித்தது. முள் அசையவில்லை.

"அண்ணா, இது ஏன் அசையல?"

"அசையாம இருந்தா நல்லதுதானம்மா?"

"நஹீ அண்ணா. இந்த வண்டில அசையணும். காத்து எவ்ளோ ஜோரா உள்ள தள்ளுதோ, பெட்ரோல் அதுக்கு மேல தள்ளணும். ராஜீவ் சௌக் ஸ்டேஷன்ல இறங்குற கூட்டத்தை எதிர்த்து மெட்ரோல ஏறுவோம்ல? காத்து ஏறி பெட்ரோல் அப்படியே நின்னா, அது உள்ள எப்படிப் போகும்?"

எனக்குச் சுருக்கென்றது. இருபது வருஷமாகச் சாதாரண வண்டிகளில் முள் ஆடாமல் நின்றால் பம்ப் நல்ல பம்ப் என்று பழகியவன் நான். அதே கண்ணால் இதையும் பார்த்திருக்கிறேன்.

காற்று எவ்வளவு அழுத்துகிறது என்ற சேதியைப் பெட்ரோலுக்குக் கொண்டுபோவது ஒரு மெல்லிய ரப்பர் குழாய். ஸ்ட்ரா அளவு தடிமன்தான். சிந்து அதை விரலால் தடவிக்கொண்டே என்ஜினுக்குப் பின்பக்கம் போனாள். ஓர் இடத்தில் விரல் நின்றது.

"யே க்யா ஹை? இங்க ஏதோ பொட்லி கட்டியிருக்கு. அதைக் கட்டின கம்பியில குழாயும் சேந்து நசுங்கிப் போச்சு."

பச்சைத் துணியில் சின்ன முடிச்சு. புகையிலை நாற்றம்.

டில்லியில் எலி வண்டிக்குள் புகுந்து ஒயரைக் கடிக்கும். புகையிலை நாற்றம் இருந்தால் அண்டாது. அதற்காக, என் ஒர்க்‌ஷாப்பை விட்டுப் போகிற எந்த வண்டியிலும் ஒரு புகையிலை முடிச்சு கட்டாமல் நான் அனுப்புவதில்லை. என் மனைவி ருக்மிணி பழைய ஜாக்கெட் துணியில் தைத்துத் தருவாள். கட்டுவது நான் மட்டும்தான். வேறு எவன் கையும் படக் கூடாது என்பது என் சட்டம்.

ஸ்ரீதர் முடிச்சைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூட எனக்குச் சௌகரியமாகக் கோபம் வந்திருக்கும். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இரண்டுக்கும் நடுவில் வெறுங்காலோடு நின்றேன்.

"நான் கட்டினது" என்றேன். மறுபடியும் சொன்னேன். "நான்தாம்மா கட்டினேன்."

நசுங்கிய துண்டை வெட்டியெறிந்து புதுக் குழாய் போட்டோம். முள் இரண்டரைக்கு இறங்கியது. சிந்து மிதித்தாள். துள்ளி ஏறியது. விட்டாள். இறங்கியது. என்ஜின் மூச்சு விடுவதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

சாலையில் பார்க்காமல் தீர்ப்பு இல்லை. மீட்டரைக் கண்ணாடிக்கு வெளியே டேப் போட்டு ஒட்டினோம். அந்த வண்டியின் சாவியை நான் என் ஆட்கள் யாரிடமும் கொடுத்ததில்லை. ஸ்ரீதரிடம் நீட்டினேன்.

"நீ ஓட்டு."

நஜஃப்கரைத் தாண்டியதும் சாலை காலியாக இருந்தது. அவன் முழுக்க மிதித்தான். சூப்பர்சார்ஜர் கூவத் தொடங்கியது. முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. முள் மூன்றைத் தாண்டி மூன்றரைக்குப் போய், அதையும் தாண்டியது. ஒரு திணறல் இல்லை. காற்று கேட்கக் கேட்கப் பெட்ரோல் கொடுத்துக்கொண்டே இருந்தது. இத்தனை பெரிய ராட்சசன் அத்தனை சின்னக் குழாயின் பேச்சைக் கேட்டு நடக்கிறான். என்னை அறியாமல் கையெடுத்துக் கும்பிட்டேன்.

வண்டி வேகம் தணிந்ததும் ராஜகோபாலுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். "சார், ஜோதிலிங்கம் பேசுறேன். தப்பு என்னுது. ஸ்ரீதர் போட்ட பம்ப் தங்கம்."

பிறகு அவன் பக்கம் திரும்பினேன். "திங்கக்கிழமை வந்துருடா."

அவன் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வாரேண்ணே. ஆனா இனிமே பொகையில முடிச்ச நான்தான் கட்டுவேன்."

"சரிடா" என்றேன்.