வீட்டு லாரியின் ஜன்னல் தட்டி

கன்னத்தில் முதல் அறை விழுந்தபோது ஹபீப் முகம்மதுவின் வாயில் நான்கு பித்தளை ஸ்க்ரூக்கள் இருந்தன. வேலை செய்யும்போது அவற்றை உதட்டில் கவ்விக்கொள்வது அவர் வழக்கம். மூன்று தரையில் சிதறின. நாலாவது கன்னத்தின் உட்புறத்தைக் கிழித்துவிட்டது.

"இதெல்லாம் ஒரு வேலையாடா?" என்று கத்தினான் ராமதாஸ். "கூலிம் எஸ்டேட் ரோட்டுல நாலு குலுக்குத் தாங்கல. இது மூணாவது தடவ!" கையிலிருந்த ஜன்னல் தட்டியை அவர் காலடியில் வீசினான்.

பினாங்கு சூலியா தெருவில், மோட்டார் சீட்டும் கூரையும் தைக்கும் அப்துல் ரசாக்கின் பட்டறை முற்றம் அது. ஹபீப் அங்கே வேலை பார்ப்பவர். ராமதாஸ் நாடகக் கம்பெனி முதலாளி. பீமன் வேஷம் கட்டுவான். அந்த உடம்புக்குப் பவுடர்கூடத் தேவையில்லை. ஒரு லாரியின் முதுகில் மரத்தால் வீடு கட்டி, கட்டிலும் அடுப்பும் ஆளுயரக் கண்ணாடியும் வைத்து, கெடா மாநிலம் முழுக்க ரப்பர்த் தோட்டம் தோட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தான். கம்பெனி ஆட்கள் பஸ்ஸில் வருவார்கள். வீட்டு லாரியில் அவனும் நடிகை சந்திரிகாவும் மட்டும்தான். அதன் கதவுக்கு வெளிப்புறம் பூட்டு. உள்ளே நகைப்பெட்டி இருக்கிறதாம், அதனால்தானாம். ஜன்னல்களுக்குக் கண்ணாடி கிடையாது. மரச்சட்டத்தில் இரும்புக் கம்பி வலை அடித்து, அதன் மேல் கித்தான் இழுத்துக் கட்டிய தட்டிகள், உள்பக்கமிருந்து ஆறாறு ஸ்க்ரூ போட்டு முடுக்கியவை. முடுக்கியவர் ஹபீப்.

தன் தகப்பனாரைத் திட்டினால்கூட ஹபீப் சிரித்துக்கொண்டு போய்விடுவார். வேலை சரியில்லை என்று மட்டும் சொல்லக் கூடாது. சொன்னால் மனிதருக்கு உச்சந்தலை வரை ஏறிவிடும். அதுவும் பட்டறை ஆட்களும் தெருவில் போகிறவர்களும் வேடிக்கை பார்க்கும்போது, கன்னத்தில் அறைந்து சொன்னால்?

ரத்தத்தைத் துப்பிவிட்டுத் தட்டியைக் கையில் எடுத்தார். சட்டத்தைத் திருப்பினார், துளைகளில் விரல் விட்டுப் பார்த்தார். லாரிக்குள் ஏறி, கழன்று கிடந்த ஸ்க்ரூக்களைத் தரையிலிருந்து பொறுக்கிக்கொண்டு வந்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"எல்லாரும் வாங்க, பாத்துக்குங்க!" என்று கூவினார். "ரோடு குலுக்கி விழுந்தா துளை முட்டை மாதிரி அகண்டு போயிருக்கும். மரத்தூள் கொட்டியிருக்கும். இந்தத் துளையப் பாருங்க, நான் போட்ட அன்னிக்கி எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கு. ஸ்க்ரூ தலையப் பாருங்க, புதுக் கீறல். இது ரோடு கழட்டுனது இல்ல முதலாளி. கை கழட்டுனது!"

நாலு பேர் நடுவில் வாயைக் கட்டத் தெரியாதவர் பிழைப்பு இப்படித்தான். அத்தோடாவது நிறுத்தினாரா? "யார் கை?" என்று ராமதாஸ் மெதுவாகக் கேட்டான். "வெளியதான் பூட்டுப் போட்டிருக்கீங்களே. உள்ள இருக்கிறவங்களத்தான் கேக்கணும்" என்று சொல்லிவிட்டு, ஜெயித்த ஆள் போல் சுற்றிலும் பார்த்தார்.

ராமதாஸ் லாரிக்குள் ஏறிக் கதவைச் சாத்தினான்.

முதலில் கண்ணாடி உடைந்தது. பிறகு சதையில் கை விழும் சத்தம், ஒன்றன்பின் ஒன்றாக, அவசரமே இல்லாமல். லாரி ஆடியது. ஒரு பெண்குரல் ஒரே ஒரு முறை வீரிட்டு, பாதியிலேயே அறுந்தது. ஹபீப் கதவை நோக்கி இரண்டு எட்டு வைத்தார். ரசாக் அவர் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"புருஷன் பொண்டாட்டி விஷயம்லா. நமக்கெதுக்கு?"

ஹபீப் நின்றுவிட்டார். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ராமதாஸ் இறங்கி வந்தபோது கையில் ஒரு சின்னக் கத்தரிக்கோல் இருந்தது. நுனி வளைந்திருந்தது. அதைச் சாக்கடையில் எறிந்தான். "நாளைக்குக் காலையில பெரிக் கப்பல் ஏறுறோம். நேரா சயாம். இனி ஸ்க்ரூ வேணாம். வெளியிலேருந்து போல்ட் விட்டு, உள்ள முனையை அடிச்சுத் தட்டையாக்கு. நாலு ஜன்னலுக்கும். இருட்டுறதுக்குள்ள முடிக்கணும்."

ஹபீப் சுத்தியலை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். சந்திரிகா கட்டிலுக்கும் அடுப்புக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்திருந்தாள். உதடு பிளந்திருந்தது. ஒரு கண் மூடியே போய்விட்டது. வலது கையின் இரண்டு விரல்கள் போகக் கூடாத திசையில் திரும்பியிருந்தன.

"அவன் எனக்குப் புருஷன் இல்ல, பாய்" என்றாள். வெளியே சொன்னது எல்லாம் கேட்டிருக்கிறது. "தண்ணீர்மலை ரோட்டுல எங்க அக்கா வீடு. பினாங்குக்கு வந்தா இவன் தியேட்டர்காரனப் பாக்கப் போவான். அந்த நேரத்துலதான் கழட்டுவேன். மூணு தடவையும் கடைசி ஸ்க்ரூ கழண்டு நான் இறங்குறதுக்குள்ள வந்துட்டான். வர்ற வழியில ரோடு குலுக்குனதுல ஸ்க்ரூ தளந்து, தானா விழுந்துச்சுன்னு சொன்னேன். நம்புனான்."

ஹபீபின் பார்வை ஜன்னல் சட்டத்தின் ஸ்க்ரூத் துளைகளுக்குப் போனது.

"கத்தரி நுனியில ஒரு ஸ்க்ரூ கழட்ட கால் மணி நேரம் ஆகுது. அவ்வளவு இறுக்கமாப் போட்டிருக்கீங்க."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பார். இத்தனை வருஷம் எந்த வேலையை நினைத்து நெஞ்சு நிமிர்த்தினாரோ, அந்த வேலையே இவளை உள்ளே அடைத்து வைத்திருந்தது. தன் கையைத் தானே வெட்டிப் போடலாம் போலிருந்தது.

"என்னடா பேச்சு அங்க?" வெளியே ராமதாஸ் பெட்டி மேல் ஏறி ஜன்னலோரம் நின்றான். போல்ட் தலையை முட்டுக்கொடுத்துப் பிடிக்க இடது கையில் ஒரு இரும்புக் கட்டி. ஹபீப் தட்டியைத் தூக்கி வைத்தார். மேல் போல்ட் நுழைந்தது. சட்டம் அதில் கோணலாகத் தொங்கியது, கீழே இடைவெளி.

"நேரா நிக்கல. கையை உள்ள விட்டுச் சட்டத்தப் பிடிங்க" என்றார். வேலைக்காகத்தான் சொன்னார், சத்தியமாக வேறு எண்ணம் இல்லை.

ராமதாஸின் வலது கை முழங்கை வரை உள்ளே வந்தது. விரல் கணுக்களில் ரத்தம் இன்னும் ஈரமாக இருந்தது. அவள் ரத்தம். மோதிரத்தில் அவள் முடி ஒன்று சுற்றியிருந்தது.

ஹபீப் சுத்தியலைப் போட்டுவிட்டு அந்த மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்தார். ஜன்னல் கட்டையில் காலை ஊன்றி இழுத்தார். ராமதாஸின் முகம் வெளிச் சுவரில் மோதியது. "கதவு திறந்திருக்கு. போம்மா, ஓடு!"

அவள் உடனே ஓடவில்லை. எழுந்து வந்தாள். கீழே கிடந்த சுத்தியலை இடது கையால் எடுத்தாள். ஜன்னல் கட்டை மேல் நீட்டிக்கொண்டிருந்த அந்தக் கையை ஒரு கணம் பார்த்தாள். ஓங்கி அடித்தாள். ராமதாஸ் மாடு மாதிரி கத்தினான். இன்னொரு முறை அடித்தாள். மோதிரம் சப்பையாகிவிட்டது. பிறகு சுத்தியலை அடுப்பின் மேல் வைத்துவிட்டுக் கதவு வழியாக இறங்கினாள்.

பீமன் பீமன்தான். வலது கை நொறுங்கியும் இடது கையால் இரும்புக் கட்டியை இடைவெளி வழியே குத்தினான். முதல் குத்தில் ஹபீபின் மூக்கு உடைந்தது. இரண்டாவதில் முன்பற்கள் போயின. மூன்றாவது நெற்றியைத் திறந்துவிட்டது. பிடி மட்டும் தளரவில்லை. முகம் சுவரோடு அழுந்திக் கிடந்ததால் ராமதாஸால் தெருவைப் பார்க்க முடியவில்லை. தட்டிக்கு மேலிருந்த கீற்று வழியாக ஹபீப் பார்த்தார். முக்காடு போட்ட உருவம் முற்றத்தைத் தாண்டியது. ஒரு ரிக்‌ஷா நின்றது. அவள் ஏறினாள். எந்தப் பக்கம் திரும்பியது என்பதுவரை பார்த்தார்.

"எங்கடா போனா? எந்தப் பக்கம்? சொல்லு!" ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு குத்து.

ஹபீப் வாயைத் திறக்கவில்லை. பட்டறை ஆட்கள் ஓடிவந்து ராமதாஸைப் பெட்டியிலிருந்து இழுத்துத் தள்ளும் வரையில் கையையும் விடவில்லை.

ரசாக் அவரைக் குழாயடியில் உட்காரவைத்து முகம் கழுவிவிட்டார். தண்ணீர் சிவப்பாக ஓடிக்கொண்டே இருந்தது. ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடிக்கப் போனார்கள். ராமதாஸ் முற்றத்து மூலையில் கையை மடியில் வைத்துக்கொண்டு முனகிக்கொண்டிருந்தான். அவனுக்குக் கேட்காதபடி ரசாக் குனிந்தார்.

"என்கிட்ட மட்டும் சொல்லு ஹபீபு. எந்தப் பக்கம் போனுச்சு அந்தப் புள்ள?"

இருபது வருஷச் சிநேகிதர். நல்ல மனிதர். ஹபீப் அவரை வீங்காத ஒற்றைக் கண்ணால் பார்த்தார்.

"நான் பாக்கலயே, அண்ணே" என்றார்.