அழுத்த அறைக்குள் பெண்ணின் அப்பா

நங்கூரம் என்பது உடன் வேலை செய்பவர்கள் அவருக்கு வைத்த பெயர். கடலில் இறங்கினால் அடி வரை போவார். ஒன்றைச் சொல்லிவிட்டால் அசைய மாட்டார்.

மூழ்கிய சரக்குக் கப்பலை வெட்டியெடுக்கும் வேலை முடிந்திருந்தது. அவரும் அவருடைய மச்சானும் துறைமுகத்தில் நின்ற மீட்புக் கப்பலில் ஓர் இரும்பு அறைக்குள் அடைந்து கிடந்தார்கள். அவ்வளவு ஆழத்தில் வேலை பார்த்தவர்கள் நேராக வெளியே வந்தால், குலுக்கிய சோடா பாட்டிலைத் திறந்த கதைதான்; ரத்தம் நுரைத்துவிடும். அதனால் அறையின் அழுத்தத்தை நாள்கணக்கில் துளித்துளியாகக் குறைப்பார்கள். பொறுத்தார் பூமி ஆள்வாராம். இவர்கள் ஆண்டது இரண்டு கட்டிலும் ஒரு வட்டக் கண்ணாடியும்.

உள்ளே சுவாசிப்பது ஹீலியம் கலந்த காற்று. அதில் எந்தச் சிங்கம் கர்ஜித்தாலும் வாத்துக் குரல்தான் வரும். குரலைச் சரிசெய்யும் பெட்டி ஒன்று உண்டு. அது பழுது.

அன்று காலை மகள் தொலைபேசியில் வந்தாள்.

"அப்பா, நான் ஒருத்தரைக் கட்டிக்கப் போறேன். நாளைக்குச் சாயங்காலம் அவங்க வீட்ல இருந்து பேச வராங்க. நீங்க இருக்கணும்."

"யாருடி அவன்?" என்று உறுமினார்.

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். "நேர்ல பாருங்கப்பா" என்று வைத்துவிட்டாள்.

தன்னைக் கேட்காமல் முடிவான கல்யாணம் கூடாது. அவ்வளவுதான். ஆனால் அதை அவளிடம் சொல்ல அவருக்கு வாய் வராது. அவள் மூன்று வயதில் கேட்டாள் என்பதற்காக மீசையில் ஒரு பக்கத்தை மட்டும் மழித்துக்கொண்டு வேலைக்குப் போனவர். அவளிடம் முடியாததை வருகிறவர்களிடம் சொல்லிவிடலாம். நேரில், சொந்தக் குரலில். அதற்கு நாளை மதியம் வெளியே வர வேண்டும். கணக்குப்படி கதவு திறப்பது அதற்கு மறுநாள்.

வெளியே வால்வுகளுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவனுக்கு முள் என்று பெயர். அழுத்தமானியின் முள்ளை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டான்.

"தம்பி, கொஞ்சம் வேகமா இறக்கேன். அவசரம்."

"முடியாது சார்."

"வெளிய வந்தேன்னா உன்னைத் தூக்கிக் கடல்ல போட்டுருவேன்!"

"போடுங்க சார். நேரத்துக்கு வெளிய வந்து போடுங்க."

மச்சான் தலையணையைக் கடித்துக்கொண்டு சிரித்தார்.

நங்கூரம் வேறு வழி தேடினார். "ஐயோ, முட்டி வலிக்குதே!"

"அப்ப இறக்கின வேகம் கூடிப்போச்சு. அழுத்தத்தைத் திரும்ப ஏத்தணும் சார். இன்னும் ரெண்டு நாள் ஆகும்."

"வலி போயிடுச்சு."

அப்போது முள்ளின் பக்கத்தில் தொலைபேசி அடித்தது. உள்ளே ஆள் இருக்கும்வரை பேச்சு இணைப்பைத் துண்டிக்கக் கூடாது என்பது விதி. அவன் பேசியதெல்லாம் அறைக்குள்ளும் கேட்டது.

"அரை நாள் இல்ல, அரை மணிகூடக் குறைக்க முடியாது... அவங்களைத் தள்ளி வரச் சொல்லலாம்... அழுதாலும் அதான்... என்னைக் கட்டிக்க மாட்டியா? அதுக்காக இவரைச் சீக்கிரம் எடுக்க முடியாது, சுண்டெலி."

சுண்டெலி. அது வீட்டுக்குள் மட்டும் புழங்கும் பெயர். மகளுக்கு அதை வைத்தவர் நங்கூரம்.

மச்சான் திடுக்கிட்டு எழுந்ததில் தலை இரும்பில் மோதியது. "மச்சான், மாப்பிள்ளை வெளிய உக்காந்திருக்கான். நம்ம காத்து அவன் கையில."

"அடப்பாவி! நான் வந்து வேணாம்னு சொல்லிருவேன்னுதான் உள்ளயே போட்டு வெச்சிருக்கியா?"

முள் கண்ணாடியின் பக்கம் திரும்பினான். "இல்ல மாமா... சார். நீங்க வராம யாரும் பேச வேணாம். வெளிய வந்து வேணாம்னே சொல்லுங்க. ஆனா நேரத்துக்குத்தான் வருவீங்க."

நங்கூரம் கண்ணாடியை ஒட்டி வந்து நின்றார்.

"அவ அழுதாளா?"

"ஆமா சார்."

"அழுதும் முடியாதுன்னியா?"

"ஆமா சார்."

அவர் மச்சானைப் பார்த்தார். மச்சானும் லேசுப்பட்டவர் இல்லை. தாய்மாமன். அவள் கேட்டாள் என்று புது மோட்டார் சைக்கிளுக்கு ரோஸ் சாயம் அடித்தவர்.

"நம்ம வீட்ல அவகிட்ட முடியாதுன்னு சொல்ல ஓர் ஆளாவது வேணும்ல, மச்சான்?" என்றார் நங்கூரம்.

"வேணும்தான். ஆனா சம்மதத்தை வெளிய போய், உன் சொந்தக் குரல்ல, கெத்தாச் சொல்லு. இந்தக் குரல்ல வேணாம். காலத்துக்கும் சொல்லிச் சிரிப்பான்."

நங்கூரத்துக்கும் அந்த ஆசை இருந்தது. ஆனால் கண்ணாடி வழியே வால்வைப் பிடித்திருந்த கை தெரிந்தது. அது ஆடிக்கொண்டிருந்தது. ஆடுகிற கையோடு இவனை நாளை மறுநாள் வரை உட்கார வைப்பதா?

"சம்மதம்டா மாப்பிள்ளை!" என்று கீச்சிட்டார். "கையை நேரா வை!"

கை நின்றது. "நன்றி மாமா. ஆனா அவதான் இப்ப மாட்டேங்கறா."

"ஃபோனைப் போடு."

மகளிடம் எதையும் அவர் இதுவரை கெஞ்சிக் கேட்டதில்லை. தொண்டையைச் செருமினார். அதுவும் வாத்துக் குரலிலேயே வந்தது.

"கண்ணு, வெச்சிராத. தங்கமான பையன்மா. கட்டிக்கோம்மா."

மகள் இந்த முறை சிரிக்கவில்லை.

"அப்பா, அந்த ஆள் உங்களை மிரட்டுறாரா?"

"இல்லவே இல்லம்மா" என்றார். அந்தக் குரலில் அது அவருக்கே நம்பும்படி இல்லை.