நடுவில் மட்டும் ஐஸ்

வேலை செய்கிறவர்களுக்கு வேலை செய்வது எப்படி என்று ஆயுசு முழுக்கப் பாடம் எடுத்து ஓய்வுபெற்றவர் அவர். அலுவலகத்தில் முகத்துக்கு நேரே 'சார்'. முதுகுக்குப் பின்னால் 'லெக்சர்'. இப்போது இரண்டுக்கும் ஆளில்லை. மனைவி, பேத்தியைப் பார்த்துக்கொள்ள மகள் வீட்டுக்குப் போய் மாதக்கணக்காகிறது.

இன்னும் ஒரு வருஷம் அம்மா இங்கேயே இருக்கட்டும் என்கிறாள் மகள். "அவர் என்ன சாப்பிடுறார்னு கண்ணால பாத்துட்டுத்தான் சொல்வேன்" என்று மனைவி சொல்லிவிட்டாள். இன்று மதியம் வீடியோவில் பார்ப்பதாக ஏற்பாடு. 'வந்துவிடு' என்ற சொல் அவருக்குத் தொண்டை வரை வந்து நிற்கிறது. வாயைத் திறந்தால் வேறு வருகிறது. "மைக்ரோவேவ்ங்கறது அறிவியல்மா. நீங்கள்லாம் அரை நாள் கிண்டுறதை நான் பேப்பர் படிச்சுக்கிட்டே முடிச்சிடுவேன்" என்று போன வாரம்தான் அளந்துவிட்டிருந்தார்.

அந்த அறிவியல் இப்போது தட்டில் கிடந்தது. ஃப்ரீசரிலிருந்த கோழிக்கறியைக் கட்டியாக அப்படியே உள்ளே வைத்து, ஃபுல் பவரில் போட்டிருந்தார். எதிலும் அரைகுறை அவருக்குப் பிடிக்காது. ஓரமெல்லாம் வெந்து ரப்பராகியிருந்தது. நடுவில் கத்தி இறங்கவில்லை.

போன் அடித்தது. வெந்த பக்கத்தைக் கேமராவுக்குக் காட்டினார்.

"அட, வெந்திருக்கே!" என்றாள் மனைவி.

பின்னாலிருந்து மகள், "பாத்தியாம்மா, அப்பா உன்னைவிடக் கெட்டிக்காரர்" என்றாள்.

"அப்ப நான் இங்கயே இருந்துடட்டுமாங்க?"

ராஜினாமாக் கடிதம் நீட்டுகிறவர் போல, அவர் தட்டை மெல்லத் திருப்பினார்.

"நடுவுல... கல்லா இருக்கு."

அவருக்குத் தெரிந்த கெஞ்சலில் இதுதான் உச்சம்.

மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். "ஐஸை இளக்க டீஃப்ராஸ்ட்னு ஒரு பட்டன் இருக்கே, அது என்ன அழகுக்கா? இன்னொரு பொட்டலம் இருக்குமே, எடுங்க. கவரைப் பிரிங்க. குறைஞ்ச பவர்ல விட்டு விட்டு ஓட்டணும். இளகினதும் துண்டு துண்டா பிரிச்சு, பெரிசு ஓரத்துல, சின்னது நடுவுல. திருப்பிப் போட மறந்துடாதீங்க. அப்புறம் கொஞ்ச நேரம் சும்மா விடுங்க. உள்ள இருக்கற ஐஸ் தானா விடும்."

சொன்னபடியே செய்தார். கறியைச் சும்மா விட்ட அந்த நேரத்தில் இருவருக்கும் வேறு வேலையில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்ல அதைவிடத் தோதான நேரம் வாய்க்காது. தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"முட்டி வலி எப்படி இருக்கு?"

"பரவால்லங்க. ம், இளகிடுச்சு பாருங்க. உடனே சமைச்சிடணும், திரும்ப ஃப்ரீசர்ல வெச்சுடாதீங்க. உப்பும் மிளகும் போட்டு, மூடியைக் கொஞ்சம் விலக்கி வைங்க. பாதியில ஒரு தடவை கிளறணும்."

ஆவி பறக்க வெளியே எடுத்தார். நடுவில் கத்தியை இறக்கிக் காட்டினார். வழுக்கிக்கொண்டு இறங்கியது.

"அப்பாடா! இப்பதாங்க எனக்கு நிம்மதி. இனி ஒரு வருஷத்துக்கு உங்களப் பத்திக் கவலையே இல்ல."

"எனக்கென்ன குறைச்சல்! தாராளமா இரு" என்றார். குரல் மேடையில் பேசுவது போலத்தான் இருந்தது. பேத்தி அழ, போன் அணைந்தது.

சாப்பிட உட்கார்ந்தார். ஓரம், நடு என்ற பேதமில்லாமல் கறி ஒரே பதமாக வெந்திருந்தது. வேகாத துண்டு ஒன்றாவது அகப்படாதா, அதைச் சாக்கிட்டு இன்னொரு போன் போடலாமே என்று கிளறிக் கிளறிப் பார்த்தார்.