தேதி அறிவிக்காத தேர்தல்

தெரசா ஊராட்சித் தலைவர் தேர்தலில் நிற்கப்போகிறாள் என்பது கொன்றைச்சேரியில் எல்லோருக்கும் தெரிந்த பிறகுதான் தெரசாவுக்குத் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மீன் வாங்கப் போனவளிடம், மீன்காரி நாகம்மா சங்கரா மீனின் செதிலைச் சீவிக்கொண்டே கேட்டாள்.

"இன்னா தெரசா, நிக்கப் போறியாமே. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே."

"எங்க நிக்கப் போறேன்?"

"தலைவரு எலெக்சன்லதான். ஊரே பேசிக்கினு கீது, உனுக்குத் தெரியாதா?"

தெரசா சிரித்துவிட்டாள். தேர்தலுக்குத் தேதியே இல்லை. பழைய தலைவர் கஜபதியின் பதவிக்காலம் முடிந்து, அவர் இடத்தில் அரசு அதிகாரி ஒருவர்தான் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். தேர்தல் அடுத்த மாதம் என்பார்கள், அடுத்த வருடம் என்பார்கள். இந்த முறை பெண்களுக்கு ஒதுக்குவார்கள் என்று ஒரு பேச்சு. ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவில் கிடக்கும் அந்த ஊரில் வேட்பாளர் பேச்சுக்கு மட்டும் குறைவில்லை. கோயில் தெருவில் எத்தனை ஓட்டு, மாதா கோயில் தெருவில் எத்தனை ஓட்டு, புதிதாக வந்த அடுக்குமாடியில் எத்தனை பேர் வாக்காளர் அட்டையை மாற்றியிருக்கிறார்கள், எந்தக் கட்சி யாரை இறக்கும் என்று டீக்கடையில் தினமும் கணக்குப் போட்டார்கள். கட்சிச் சின்னம் இல்லாத தேர்தல்தான். ஆனாலும் யார் எந்தக் கட்சி ஆள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

அந்தக் கணக்கில் தெரசாவின் பெயர் நுழைந்ததற்குக் காரணம் போன டிசம்பர் மழை. அவள் அடுக்குமாடியில் துப்புரவு மேற்பார்வை பார்த்துவந்தாள். மழையில் சாக்கடை ஏறி குடிநீர்த் தொட்டியில் கலந்துவிட்டது. ஏரிக்குப் போகிற கால்வாயைக் கஜபதியின் கல்யாண மண்டபச் சுவர் அடைத்துக்கொண்டிருப்பது ஊருக்கே தெரியும், யாரும் வாயைத் திறந்ததில்லை. தெரசா முப்பது பெண்களைக் கூட்டிக்கொண்டு ஒன்றிய அலுவலக வாசலில் போய் உட்கார்ந்தாள். இரண்டாம் நாள் பொக்லைன் வந்து சுவரில் ஒரு பகுதியை இடித்தது. மூன்றாவது மாடியில் குடியிருந்த ரோஷினி அதையெல்லாம் கைபேசியில் படமெடுத்தாள்.

ரோஷினி திருநெல்வேலிப் பெண். அம்பத்தூரில் ஐ.டி. கம்பெனியில் வேலை. தெரசாவின் மேல் அவளுக்கு உண்மையான மரியாதை. ஜூன் மாதத்தில் ஒரு நாள், குடியிருப்பு வாட்ஸப் குழுவில், அடுத்த தலைவர் யார் என்று ஒரு வாக்கெடுப்பு போட்டாள். ஐந்து பெயர்கள். தெரசாவுக்கு இருநூற்றுப் பன்னிரண்டு. கஜபதியின் மனைவிக்கு முப்பத்தொன்று. அந்தப் படம் குழுவை விட்டு வெளியே போய், ஒரே வாரத்தில் ஊர் முழுக்கச் சுற்றியது.

"என்னைக் கேட்டுட்டு போட்டிருக்கலாம் மேடம்," என்றாள் தெரசா.

"சும்மா ஒரு ஜாலிக்குத்தான் போட்டேன், தெரசாக்கா. ஆனா பாருங்க, மக்கள் மனசுல நீங்கதான் இருக்கீங்க."

மக்கள் மனசில் இருப்பது நல்லதா கெட்டதா என்று தெரசாவுக்கு அப்போது பிடிபடவில்லை.

பிறகு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். முதலில் ஒரு கட்சியின் கிளைச் செயலாளர் வந்தார். இரண்டு நாள் கழித்து எதிர்க்கட்சிக்காரர். இருவரும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, ஒரே மாதிரி காப்பி குடித்துவிட்டு, ஏறக்குறைய ஒரே பேச்சைப் பேசினார்கள். கிறிஸ்தவர் ஓட்டு மொத்தமாக விழும், அடுக்குமாடி ஓட்டும் விழும், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். தனக்கு விருப்பமில்லை என்று தெரசா சொன்னாள். "வேணாம்னு சொல்ற ஆளத்தான்மா ஜனம் நம்புது," என்று கிளைச் செயலாளர் எழுந்து கும்பிட்டுவிட்டுப் போனார்.

அவள் கணவன் டேவிட் கஜபதியின் தண்ணீர் லாரி ஓட்டினான். பதினாறு வருடமாக. யாரும் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, "லாரி" என்றுதான் கூப்பிடுவார்கள். இப்போது டீக்கடையில் பெஞ்சை ஒதுக்கிக் கொடுத்தார்கள். "வா நைனா, குந்து" என்றார்கள். அந்த மரியாதை அவனைக் கிறங்கடித்துவிட்டது. வெள்ளைச் சட்டை ஒன்று தைத்துக்கொண்டான். ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணி மாதா திருவிழாவுக்குக் கொடியேறியபோது, கோயில் வளைவுக்குப் பக்கத்தில் ஒரு பேனர் முளைத்தது. மாதாவுக்குக் கீழே கைகூப்பியபடி தெரசா. 'மக்களின் வேட்பாளர்' என்று எழுதியிருந்தது.

தெரசா பார்த்ததும் வீட்டுக்கு வந்து அவனைப் பிடித்தாள்.

"யாரக் கேட்டு வெச்ச? யாருட்டு லாரி ஓட்டற, தெரியுமா தெரியாதா உனுக்கு?"

"ஒரு பேனருதான? அவரு ஊட்டுக் கல்யாணத்துக்கு ரோடு பூரா வெச்சாரே. நாம ஒண்ணு வெக்கக்கூடாதா?"

"கயட்டு அத."

"காலைல கயட்றேன் தெரசா. ஒரு நாள் இருக்கட்டும். எங்கம்மா இருந்திருந்தா பாத்திருக்கும்."

செத்துப்போன அம்மாவைச் சொன்னதும் அவள் விட்டுக்கொடுத்தாள். காலையில் கழற்றத்தான் போனான். ஆனால் அதற்குள் கஜபதி பார்த்துவிட்டார். அன்றே லாரிச் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். கோபமாக ஒன்றும் பேசவில்லையாம். "தலைவரு புருசன் நம்ம லாரில இருக்கறது நல்லாவா கீது, டேவிட்டு?" என்று மட்டும் சொன்னாராம்.

அடுத்த வெள்ளிக்கிழமை மாலை ரோஷினி தெரசாவின் வீட்டுக்கு வந்திருந்தாள். தெரசாவின் மகள் ஷாரன் கல்லூரி முதலாண்டு. தன் பழைய மடிக்கணினியை அவளுக்குக் கொடுத்துவிட்டுப் போகலாமென்று வந்தவள், அதை இயக்கிக் காட்டிக்கொண்டிருந்தாள். அப்போது கஜபதி வந்தார். தனியாகத்தான் வந்தார். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்து, தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

"தெரசா, ரெண்டு வழி கீது. பொம்பளைங்களுக்கு ஒதுக்கினா எங்க ஊட்டம்மா நிக்கும். கட்சி உன்னத்தான் கேக்குதுன்னு வெச்சிக்க, நீ நில்லு. ஆனா நம்ம ஆளா நில்லு. கையெயுத்து மட்டும் போடு, மத்தத நான் பாத்துக்கறேன்."

"நான் யாருக்காவும் நிக்கலண்ணே. எனுக்கு அந்த ஆசையே இல்ல."

"அப்ப அதச் சொல்லி ஒரு வீடியோ போட்டுடு. நான் நிக்கல, அண்ணனுக்குத்தான் ஆதரவுன்னு. இதோ, இந்த மேடம் நல்லா எடுப்பாங்களே."

ரோஷினி மடிக்கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அதுவரை தெரசாவுக்குத் தேர்தலில் நிற்கும் எண்ணம் கொஞ்சமும் இல்லை. அந்த வீடியோவைப் போட்டிருந்தால் எல்லாம் அன்றே முடிந்திருக்கும் என்று பிறகு எத்தனையோ பேர் சொன்னார்கள். ஆனால் தன் வீட்டுக்குள் வந்து, தன் தண்ணீரைக் குடித்துவிட்டு, இன்ன வார்த்தையைச் சொல் என்று ஒருவர் உத்தரவு போட்டது அவள் நெஞ்சில் சுருக்கென்று குத்தியது.

"நிக்கறதும் நிக்காததும் என் இஷ்டம்ணே. வீடியோல்லாம் போட மாட்டேன்."

கஜபதி சொம்பைத் தரையில் வைத்தார்.

"டேவிட்டு ரோட்ல பொயக்கற ஆளு. ரோடு எப்பவும் ஒரே மாரி இருக்காது. சொல்லிவை."

அவர் போன பிறகு ரோஷினி மடிக்கணினியை மூடினாள். "இது மிரட்டல்தானே அக்கா? போலீஸ்ல சொல்லலாம்," என்றாள். தெரசா ஷாரனைப் பார்த்தாள். "பேச்சுக்குச் சொல்லிக்கினு போறாரு மேடம். உடுங்க," என்றாள். அன்று அவளும் அதை அப்படித்தான் நம்ப விரும்பினாள்.

டேவிட் ஒரு கம்பெனி வேனுக்கு மாற்று ஓட்டுநராகப் போக ஆரம்பித்தான். அக்டோபர் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணிக்கு வேலை முடிந்து பைக்கில் திரும்பிக்கொண்டிருந்தான். வெளிவட்டச் சாலையின் அணுகுசாலையில் ஒரு லாரி பின்னாலிருந்து இடித்து, ஏறி, நிற்காமல் போய்விட்டது. ஆம்புலன்ஸ் வரும்போதே உயிர் இல்லை. பக்கத்தில் இளநீர் விற்றுக்கொண்டிருந்தவர், அது நம்பர் இல்லாத தண்ணீர் லாரி என்று முதலில் சொன்னார். மறுநாள் விசாரிக்கப் போனபோது, தான் எதையும் பார்க்கவில்லை என்றார். அதற்கு மறுநாள் அந்த இடத்தில் இளநீர்க் கடையே இல்லை.

கல்லறைத் தோட்டத்தில் பங்குச் சாமியார் ஜெபம் சொல்லி முடித்து, ஆளுக்கொரு பிடி மண் போட்டுவிட்டுக் கலைந்தார்கள். தெரசாவை நாகம்மா சுற்றுச்சுவர் நிழலில் உட்காரவைத்துவிட்டுத் தண்ணீர் எடுத்துவரப் போனாள். சுவருக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு குரல் காப்பி குடித்துவிட்டுப் போன கிளைச் செயலாளருடையது.

"இப்ப அந்தம்மா நின்னா எவனாலயும் ஒண்ணும் பண்ண முடியாது. அனுதாப ஓட்டு அப்டியே கொட்டும்."

"தேர்தல் தள்ளிப்போச்சின்னா? ஜனம் மறந்துடுமே."

"ஆறு மாசம் தாங்கும். மொதல் வருசத் திதிய பெருசா பண்ணிட்டா இன்னும் கொஞ்சம் இயுக்கலாம்."

தெரசா எழுந்து அவர்கள் முன்னால் போய் நிற்கவில்லை. விரல் இடுக்கில் ஒட்டியிருந்த மண்ணைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். நாகம்மா தண்ணீருடன் வந்து, "இன்னாடி, மூஞ்சி இப்டி ஆயிடுச்சி?" என்று கேட்டபோது, அவள் தண்ணீரை வாங்கிக் கையைக் கழுவினாள்.

ஏழாம் நாள் காரியம் முடிந்ததும் அவள் காவல் நிலையத்துக்குப் போனாள். அங்கே விபத்து என்று பதிந்திருந்தார்கள். கஜபதி மிரட்டினார் என்பதற்குச் சாட்சி உண்டா என்று கேட்டார்கள். சொந்த மகள் சொன்னால் எடுபடாது, வெளியாள் வேண்டும் என்றார்கள். தெரசா நேராக அடுக்குமாடிக்குப் போனாள்.

ரோஷினி கதவைத் திறந்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "எல்லாம் என்னாலதான் அக்கா. நான் அந்த வாக்கெடுப்பைப் போட்டிருக்கவே கூடாது."

"அத உடுங்க மேடம். நீங்க நல்லதுன்னு நெனச்சிதான் போட்டீங்க. எனுக்கு ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க. அன்னிக்கு அவரு சொன்னத ஸ்டேஷன்ல வந்து சொல்லுங்க. நீங்க கேட்டதத்தான், வேற ஒண்ணும் கூடச் சொல்ல வேணாம்."

ரோஷினி உள்ளறைப் பக்கம் பார்த்தாள். அங்கே அவள் கணவன் கைபேசியில் பேசிக்கொண்டிருந்தது கேட்டது. குழந்தை தரையில் படுத்து வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தது.

"அவர்கிட்ட கேட்டுட்டு நாளைக்குச் சொல்லட்டுமா?"

மறுநாள் அழைப்பு வரவில்லை. தெரசா அழைத்தபோது எடுக்கவில்லை. அந்த மாதக் கடைசியில் ரோஷினியின் குடும்பம் அயனம்பாக்கத்துக்குக் குடிபோய்விட்டது. போவதற்கு முன் ஒரு குரல்பதிவு அனுப்பியிருந்தாள். "எனக்கும் ஒரு குழந்தை இருக்கு அக்கா, தயவுசெய்து என்னை மன்னிச்சிடுங்க." பிறகு அழுகை. தெரசா அதை ஒரு தடவை கேட்டாள். ஷாரனிடம் போட்டுக் காட்டவில்லை. ஷாரன் எதையும் கேட்காமல் மடிக்கணினியைத் துணியில் சுற்றிப் பரண்மேல் வைத்துவிட்டாள்.

குடியிருப்புச் சங்கத்தில் தெரசாவை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். "நீங்க இப்போ அரசியல் ஆளும்மா. எங்களுக்கு வம்பு வேண்டாம்," என்று சங்கச் செயலாளர் தலைகுனிந்தபடி சொன்னார். அவளைத் தேர்ந்தெடுத்த அந்த இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் அந்தக் கட்டிடத்தில்தான் இருந்தார்கள். அவள் படியிறங்கும்போது இரண்டு மூன்று கதவுகள் திறந்து, அவளைக் கண்டதும் சாத்திக்கொண்டன.

பொங்கலுக்குச் சில நாள் முன்பு அரசாணை வந்தது. கொன்றைச்சேரி ஊராட்சி மாநகராட்சியோடு சேர்க்கப்படுகிறது. இனி அந்த ஊருக்குத் தலைவர் பதவியே இல்லை. டீக்கடையில் அரை நாள் யாரும் அதிகம் பேசவில்லை. மாலைக்குள் வார்டு எங்கே பிரியும், கவுன்சிலருக்கு யாரை இறக்கலாம், மேயர் எந்தக் கட்சிக்குப் போகும் என்று ஆரம்பித்துவிட்டார்கள். கஜபதியும் வந்து உட்கார்ந்து எல்லோருக்கும் டீ சொன்னார்.

நாகம்மா வந்து தெரசாவிடம் இதைச் சொன்னாள். தெரசா அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"அப்ப அந்த நாற்காலியே இல்லியா நாகம்மா?"

"இல்லவே இல்லியாம்."

தெரசா களைந்த தண்ணீரைக் கொட்டினாள். மறுபடி தண்ணீர் ஊற்றினாள். தண்ணீர் தெளிந்துவிட்ட பிறகும் களைந்துகொண்டே இருந்தாள். நாகம்மாதான் பாத்திரத்தை வாங்கி அடுப்பில் வைத்தாள்.

பிப்ரவரியில் தெரசாவும் ஷாரனும் அண்ணனூரில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒற்றை அறைக்கு மாறினார்கள். தெரசாவுக்கு ஒரு மருத்துவமனையில் தரை துடைக்கும் வேலை கிடைத்தது. புதன்கிழமை வார விடுமுறை. அன்றுதான் ஆவடி காவல் ஆணையர் அலுவலகத்தில் மனு வாங்குவார்கள். விபத்து என்று மூடிய வழக்கைத் திறக்கச் சொல்லி அவள் மூன்று மனு கொடுத்தாயிற்று. ஒவ்வொரு முறையும் சாட்சியைக் கேட்டார்கள். நான்காவது மனுவை ஷாரன் எழுதினாள். கடைசியில் தன் பெயரையும் சேர்த்து, 'நானும் அந்த வீட்டில் இருந்தேன், என் காதால் கேட்டேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.

"இத செல்லாதுன்னுட்டாங்களே பாப்பா."

"செல்லாதுன்னு எழுதித் தரச் சொல்லும்மா. வாய்ல சொன்னா போதாது."

தெரசா அதைப் பையில் வைத்துக்கொண்டு எட்டு மணி ரயிலில் ஏறினாள். அன்று அவளுக்கு முன்னால் வரிசையில் நாற்பது பேருக்கு மேல் இருந்தார்கள். மதியம் வரை நின்றாள். மனுவை வாங்கியவர் படித்துப் பார்க்காமலே முத்திரை குத்தி, ரசீதைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, எழுதித் தரச் சொல்லி அவள் கேட்பதற்குள் அடுத்தவரைக் கூப்பிட்டார்.